வேலை போய்விட்டது, இடைக்கிடை சொந்தமாக ஏதோ செய்கிறேன்: எந்தக் காசை எடுக்கலாம், எதைச் சொல்ல வேண்டும்?

பாசிக்குடா ஹோட்டல்களில் சீசன் முடிந்ததும் "அடுத்த வருசம் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பப்பட்டவர்கள், கார்மெண்ட்ஸ் வேலை போன பிறகு வீட்டில் பிளவுஸ் தைக்கிறவர்கள், கடையிலிருந்து நிறுத்தப்பட்டு வாடகை த்ரீவீலரில் ஹயர் ஓடுகிறவர்கள், இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கிழக்கு மாகாணத்தில் வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பயமும் ஒன்றுதான்: "நான் ஒள்ளுப்பம் உழைக்கிறது தெரிந்தால் வருகிற காசையும் வெட்டிவிடுவார்களா?" அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. மற்றப் பாதிக்குக் காரணம் இருக்கிறது, அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

வேலை இல்லாதவருக்கு இலங்கையில் அரசாங்கம் மாதாமாதம் காசு தருமா?

தராது. இங்கிலாந்து, கனடா போல வேலையிழப்புக் கொடுப்பனவு என்று ஒன்று நம் நாட்டில் இல்லை. "வேலையில்லாதவன்" என்று எங்கேயும் பதிந்து காசு எடுக்க முடியாது. அப்படி எடுத்துத் தருகிறேன், படிவம் நிரப்ப இவ்வளவு தாருங்கள் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தில் வேலை தேடுபவராகப் பதியலாம், அந்த உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலேயே இருக்கிறார்கள், பதிவது நல்லதும்கூட. ஆனால் அது வேலையும் பயிற்சியும் தேடித் தருவதற்கான பதிவு. காசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்போ வேலை போனவருக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அரசாங்கத்தின் கையில் தேடுவதற்கு முன்னால் பழைய முதலாளியின் பக்கம் பாருங்கள். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) காசு, பணிக்கொடை (சேவைக்காலத்துக்காக முதலாளி தர வேண்டிய தொகை), சட்டத்துக்கு மாறாக நிறுத்தியிருந்தால் நட்டஈடு, வயதைப் பொறுத்து ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்), இவ்வளவும் நீங்கள் உழைத்ததற்கான காசு. இவற்றை எடுக்கும்போது "இப்போது சொந்தமாக என்ன உழைக்கிறாய்?" என்பது ஒரு தடையே இல்லை. அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு மட்டும்தான் வேறு வகை: அது வறுமைக்குக் கொடுப்பது, வேலை இழந்ததற்குக் கொடுப்பதல்ல, அதனால் அதில்தான் உங்கள் வருமானம், வீடு, சொத்து எல்லாம் கணக்கில் வரும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால் வேலை போன அடுத்த கிழமையே அஸ்வெசுமவுக்கு ஓடி ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) நிற்கிறார்கள், பழைய முதலாளியிடம் கிடக்கிற இலட்சத்தை யாரும் கேட்பதில்லை.

அஸ்வெசும எடுக்கிறோம். நான் வீட்டில் தைக்கிறேன், மாதத்தில் சில நாள்தான் வேலை வரும். வெட்டுவார்களா அக்கா?

தைக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வெட்ட மாட்டார்கள். அஸ்வெசும "வேலை இருக்கிறதா இல்லையா" என்று பார்த்துக் கொடுக்கிற காசு அல்ல. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையிலிருந்து வந்த திட்டம் அது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று 6 பகுதி, அதற்குள் 22 குறிகாட்டிகள், அவற்றுக்குப் புள்ளி போட்டு, முழுக் குடும்பத்தையும் ஒன்றாக எடுத்துத்தான் மிக வறியவரா, வறியவரா, பாதிக்கப்படக்கூடியவரா, இடைநிலையா என்று பிரிக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா.

ஆகவே உங்கள் தையல் வருமானம் அந்தப் பெரிய கணக்கில் ஒரு துண்டு. வீட்டில் நாள்பட்ட நோயாளி, படிக்கிற பிள்ளைகள், ஓலை வேலி, அரைகுறைச் சுவர் என்று மற்றக் குறிகாட்டிகள் அப்படியே இருக்கும்போது மாதத்துக்கு நாலைந்து பிளவுஸ் தைப்பதால் நிலை தலைகீழாக மாறிவிடாது. ஆனால் அதே தையல் வளர்ந்து, மூன்று மெசின் போட்டு, இரண்டு பிள்ளைகளை வேலைக்கு வைத்து, கல்முனைக் கடைகளுக்குக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டால் உங்கள் வகை மாறலாம், பட்டியலிலிருந்தே போகலாம். அது நியாயமும்கூட. அந்த நிலைக்கு வந்தவர் 10,000 ரூபாவுக்காகத் தொழிலைச் சுருக்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எதைச் சொல்வது? ஒரு மாதம் 30,000 வரும், அடுத்த மாதம் 3,000கூட வராது.

இதுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதலாவது, கையில் வந்த காசு வேறு, வருமானம் வேறு. நோன்புப் பெருநாள் மாதத்தில் 30,000 ரூபாவுக்குத் தைத்திருக்கிறீர்கள், அதில் நூல், லைனிங், ஹூக், மெசின் திருத்தம், கரண்ட் என்று 11,000 போனால் உங்கள் வருமானம் 19,000. 30,000 என்று சொன்னால் உங்களுக்கு நீங்களே அநியாயம் செய்கிறீர்கள். மறுபக்கம், தை மாசி மழைக்குள் ஒன்றும் வரவில்லை என்பதற்காக "வருமானமே இல்லை" என்று எழுதுவதும் பிழை.

இரண்டாவது, ஏறி இறங்குகிற தொழிலுக்கு ஒரு மாதத்தை மட்டும் பிடித்துச் சொல்லாமல், முழு வருடத்தையும் கூட்டி 12ஆல் பிரித்துச் சொல்லுங்கள், அது சராசரி என்பதையும் வாயால் சொல்லி, முடிந்தால் எழுதியும் கொடுங்கள். வாவியில் இறால் பிடிக்கிறவருக்கும், அறுவடைக்கு மட்டும் போகிறவருக்கும், அறுகம்பையில் சீசனுக்குச் சாப்பாடு சமைத்து விற்கிறவருக்கும் இதே கணக்குத்தான். சம்மாந்துறையில் பெரும்போக வெட்டுக்கு நின்ற மாதத்தை வைத்து ஒருவரை வசதியானவர் என்று சொல்வது எவ்வளவு பிழையோ, அதே ஆளைப் பார்த்து ஆவணியில் பரம ஏழை என்று எழுதுவதும் அவ்வளவு பிழை.

மூன்றாவது, ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். திகதி, யாருக்கு, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, அவ்வளவுதான், கணக்காளர் வேலை எல்லாம் வேண்டாம். கணக்கெடுக்க வருகிற உத்தியோகத்தர் வருமானத்தோடு வீட்டுச் செலவையும் கேட்பார், செலவு 60,000 வருமானம் 12,000 என்றால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தானாக வரும். கட்டாரில் இருக்கிற மகன் அனுப்புகிறான் என்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அஸ்வெசும பட்டியல் வெளியிடப்படும்போது தகுதியிருந்தும் பெயர் வராதவர் மேன்முறையீடு செய்யலாம், அதேபோல தகுதியில்லாதவர் பெயர் வந்திருக்கிறது என்று யாரும் ஆட்சேபனையும் போடலாம். நம் ஊரில் மதில் எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். "இவள் முகநூலில் கேக் விற்கிறாள், படத்தைப் பாருங்கள்" என்று ஸ்கிரீன் ஷொட்டோடு போய் நிற்கிற காலம் இது. பொய்த் தகவல் என்று தெரிந்தால் கொடுப்பனவு நிற்கும், பிறகு உண்மையிலேயே கஷ்டம் வரும் நேரத்தில் உங்கள் பேச்சை ஒருவரும் நம்பமாட்டார்கள். தகவல் புதுப்பிக்கும் சுற்று வரும்போது தொழிலைச் சொல்லிப் பதிந்துவிட்டால், அதே ஆட்சேபனை வந்தாலும் "அது ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது" என்று அமைதியாக இருக்கலாம். நிலை மாறினால், உதாரணமாக நிரந்தர வேலை கிடைத்தால், பிரதேச செயலகத்தின் நலன்புரிக் கிளையில் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். தொலைபேசியில் விளக்கம் கேட்க 1924 இருக்கிறது.

லீசிங்கில் த்ரீவீலர் எடுத்தால் பாதிக்குமா? மெசின், மாடு, தோணி?

சொத்து என்று தனிப் பகுதி இருப்பதால் வாகனம், காணி, கால்நடை, இயந்திரம் எல்லாம் கேட்பார்கள். லீசிங் என்றால் லீசிங் என்றே சொல்லி, மாதத் தவணைப் பத்திரத்தைக் காட்டுங்கள். மச்சானின் பெயரில் பதிந்து ஓடுகிற வேலை வேண்டாம், அஸ்வெசும போகட்டும், விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதியில் இருந்து பொலிஸ் வரைக்கும் அதுதான் தலையிடி. வாடகைக்கு ஓடுகிறவருக்கு வாகனம் சொத்தில்லை, கிடைக்கிற மிச்சம் மட்டும் வருமானம்.

கரண்ட் பில்லும் பார்க்கப்படுகிற ஒன்று. கேக் சுடுகிற அவன் அடுப்பு, ஐஸ் பெட்டி என்று தொழிலுக்காக யூனிட் ஏறுகிறது என்றால் அதை விளக்கிச் சொல்லுங்கள். யூனிட் கூடும் என்று பயந்து பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பவர்களைக் கண்டிருக்கிறேன், ஆளையே கொல்லும் வேலை அது.

தொழிலைப் பதிந்தால் அஸ்வெசும போய்விடும், பதியாதே என்கிறார்கள்.

தொழிற்பெயர்ப் பதிவு என்பது நீங்கள் பணக்காரர் என்பதற்கான சான்று அல்ல. சொந்தப் பெயரில் இல்லாமல் "அமுதா டெய்லர்ஸ்" மாதிரி ஒரு பெயரில் நடத்தினால் பதிய வேண்டும், அதைப் பிரதேச செயலகத்திலேயே செய்யலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வங்கியில் தொழிற்கணக்கு திறக்கப் போனாலும், தொழில் கடன் கேட்கப் போனாலும், பெரிய கடைகளுக்குப் பில் போடப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். மருதமுனைக் கைத்தறிக்காரர்களிடம் கேட்டால் பதிவின் அருமை சொல்வார்கள். மாதத்துக்கு இரண்டு கேக் விற்கிறவர் அவசரப்படத் தேவையில்லை, தொழில் ஓடட்டும் பார்க்கலாம்.

ஈ.டி.எஃப். காசை இப்போதே எடுக்கலாமா? நான் சொந்தமாக உழைப்பது பிரச்சினையா?

எடுக்கலாம், பிரச்சினை இல்லை. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் முதலாளி தன் பையிலிருந்து சம்பளத்தின் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கட்டியிருக்க வேண்டும், உங்கள் சம்பளத்தில் அதற்காக ஒரு சதமும் வெட்டக்கூடாது. வேலையை விட்டதும், எந்த வயதிலும், அதைக் கேட்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு 5 வருடம் இடைவெளி வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும், ஆகவே ஒரு வருட வேலைக்கான சில்லறையை அவசரத்துக்கு எடுத்துவிட்டு மறுகா நல்ல தொகை சேர்ந்து நிற்கும்போது கையைப் பிசையாதீர்கள்.

45,000 சம்பளத்துக்கு மாதம் 1,350, வருடத்துக்கு 16,200. ஏழு வருடம் ஒரே சம்பளம் என்று வைத்தாலும் 113,400, அதற்கு மேல் வட்டியும் பங்கிலாபமும். ஒரு நல்ல தையல் மெசினும் ஓவர்லொக்கும் வாங்கி, மிச்சமும் வைக்கலாம்.

ஈ.பி.எஃப்.?

அது வேறு கதை. உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், மாதத்துக்கு 20 வீதம் சேர்கிறது, ஆனால் வேலை போனதற்காக எடுக்க விடமாட்டார்கள். ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50. அதற்கு முன் என்றால் திருமணத்துக்காக வேலையை விட்ட பெண், நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போனவர் என்று சில காரணங்கள்தான். இன்னொரு வழி, 10 வருடம் கட்டியிருந்து கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம்வரை எடுப்பது, அதிகபட்சம் 20 இலட்சம். தொழில் தொடங்க என்று அந்த 30 வீதம் கிடைக்காது. "எடுத்துத் தருகிறேன்" என்று வருகிற தரகர்கள் பெரும்பாலும் பொய் வீட்டுத் திட்டம் காட்டித்தான் எடுக்கப் பார்ப்பார்கள், மாட்டுவது நீங்கள்.

நான் "தற்காலிகம்", "சீசன் ஆள்" என்று சொல்லி ஒன்றும் கட்டவில்லை.

தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கணக்கு, பயிற்சி என்ற பேச்செல்லாம் இந்த இரண்டு நிதிக்கும் செல்லாது. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், ஒரே ஒரு ஊழியர் இருக்கிற கடைக்கும் அதே சட்டம். பிந்திக் கட்டுகிற முதலாளிக்கு ஈ.பி.எஃப்.இல் 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை மேலதிகத் தண்டம் வரும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு போடலாம். சம்பளத் துண்டு இல்லையென்றால் வங்கிக்கு வந்த காசு, வட்ஸ்அப்பில் டியூட்டி போட்ட செய்தி, யூனிபோர்ம் போட்ட படம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், எல்லாம் ஆதாரம்தான். எதையும் அழிக்காதீர்கள்.

பணிக்கொடை யாருக்கு?

கடைசி 12 மாதத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், மற்றவருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. அடிப்படைச் சம்பளம் 45,000, சேவை ஏழு வருடம் என்றால் 157,500 ரூபா. நீங்களாக விலகியிருந்தாலும் கிடைக்கும், இதை முதலாளிமார் சொல்லமாட்டார்கள். வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும், பிந்தினால் 10 முதல் 30 வீதம் மேலதிகம். 15 பேருக்குக் குறைவான இடமென்றால் தொழில் நியாயசபை வழியாகக் கேட்க இடமிருக்கிறது. அடுத்த நாளே நீங்கள் சொந்தக் கடை போட்டாலும் இந்தக் காசு உங்களுடையது.

ஆள் குறைப்பு என்று திடீரென்று நிறுத்தினார்கள். நட்டஈடு உண்டா?

15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டே வழிதான்: உங்கள் எழுத்து மூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி. இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். வியாபாரம் நட்டம், ஹோட்டலை மூடுகிறோம், ஓடர் இல்லை, எல்லாமே இதற்குள் வரும். ஆணையாளர் நட்டஈடு தீர்மானிக்கும்போது முதல் 5 வருடத்துக்கும் வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்று தொடங்குகிற ஒரு சூத்திரம் இருக்கிறது, உச்சவரம்பு 2021இல் 25 இலட்சமாக உயர்ந்தது. முறைப்பாட்டுக்கு 6 மாதக் கெடு. "தம்பி பார்ப்போம், அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவோம்" என்று அவர்கள் இழுக்கிற இழுப்பில் அந்த ஆறு மாதம் ஓடிவிடும், அதற்காகத்தான் இழுக்கிறார்களோ என்று எனக்குப் பல தடவை சந்தேகம் வந்திருக்கிறது.

ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், சிங்களத்தில் இருந்தது. வைத்தால்தான் கடைசிச் சம்பளமாம்.

வைக்காதீர்கள். பெரும்பாலும் அது "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்ற கடிதம், மேலே சொன்ன எழுத்து மூலச் சம்மதம் அதுதான். வேலை செய்த மாதத்துச் சம்பளத்துக்கு எந்தக் கடிதமும் நிபந்தனை ஆக முடியாது. படம் எடுத்துக்கொண்டு, "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் சேர்" என்று சொல்லி வெளியே வாருங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால், எந்தச் சூழ்நிலையில் வைத்தீர்கள் என்பதைத் திகதியோடு எழுதிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். பணிக்கொடையும் ஈ.டி.எஃப்.உம் அந்தக் கையெழுத்தால் போகாது.

அதே முதலாளி "இனிச் சம்பளம் இல்லை, நீ சுயதொழில்காரன், வந்து செய்துவிட்டுப் பில் போடு" என்கிறார்.

இது இப்போது பெருகிவருகிறது, டிரைவர், சமையல்காரர், டெலிவரிப் பையன், கணக்கு எழுதுகிற பிள்ளை என்று எல்லா இடத்திலும். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., பணிக்கொடை மூன்றையும் ஒரே வெட்டில் மிச்சம் பிடிக்கிற தந்திரம். பத்திரத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு சட்டம் நின்றுவிடாது, நடப்பைப் பார்க்கும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவரே சொல்கிறாரா, அவருடைய அடுப்பு, அவருடைய வாகனம், அவருடைய யூனிபோர்மா, லீவுக்கு அவரிடம் கேட்க வேண்டுமா, வேறு இடத்தில் வேலை செய்தால் கோபிக்கிறாரா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் நீங்கள் ஊழியர்தான். உங்கள் சொந்தச் சட்டியில் சமைத்து, உங்கள் விலையில், மூன்று ஹோட்டலுக்கும் இரண்டு கலியாண வீட்டுக்கும் கொடுக்கிறீர்கள் என்றால் உண்மையிலேயே சுயதொழில்.

இரண்டும் கலந்து இருப்பதும் உண்டு. கிழமையில் நாலு நாள் சம்பளத்துக்கு, மிச்ச நாள் சொந்தமாக. அப்படியென்றால் அந்தச் சம்பளப் பகுதிக்கு முதலாளி கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும்.

லண்டனில் இருக்கிற மச்சான் வேலை செய்துகொண்டே அரசாங்கக் காசும் எடுக்கிறான். அது எப்படி?

அங்கே யுனிவர்சல் கிரெடிட் என்ற முறை, உழைப்பு இருந்தாலும் குறைந்த வருமானமென்றால் கொடுப்பார்கள். உழைக்கிற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கொடுப்பனவிலிருந்து குறையும். பிள்ளை அல்லது உடல்நலக் குறைபாடு இருந்தால் ஒரு தொகைவரை குறைக்காமல் விடுவார்கள். சுயதொழில்காரர் ஒவ்வொரு மாதமும் வரவையும் செலவையும் அறிவிக்க வேண்டும், தொடங்கி 12 மாதம் கழிந்தால் நீங்கள் உழைக்காவிட்டாலும் குறைந்தது இவ்வளவு உழைத்ததாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள், பல தமிழ்ப் பொடியன்கள் டெலிவரி ஓடி மாட்டுவது இந்த இடத்தில்தான். சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் கிடையாது. ஊரில் இருக்கிற காணியைச் சொல்லாமல் விடுவதும் அங்கே குற்றம். அந்த விதி எதுவும் இங்கே உள்ளவருக்குப் பொருந்தாது, அவன் சொல்வதைக் கேட்டு இங்கே படிவம் நிரப்பாதீர்கள்.

வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு?

மாதக் கொடுப்பனவு இல்லை. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்து கேட்டதும் நியமனத்தைத்தான். 2020இல் கொடுத்த 20,000 ரூபா, பயிலுநராக எடுக்கப்பட்டவர்களுக்கான பயிற்சிக் கொடுப்பனவு. டியூசன் கொடுப்பதை மறைக்க வேண்டிய தேவை எதுவும் இதில் இல்லை.

வரி?

2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம், அதாவது மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. வரி இலக்கம் எடுப்பதும் வரி கட்டுவதும் ஒன்றல்ல, பயப்படாமல் எடுங்கள்.

இனிச் சுயதொழில்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். வயதான காலத்துக்கு?

ஈ.பி.எஃப்.இல் சுயதொழில்காரர் சேர முடியாது. ஈ.டி.எஃப்.இல் சேரலாம், நீங்களே கட்டிக்கொண்டு போகலாம், இது பலருக்குத் தெரியாது. இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் சுயதொழில்காரருக்கென்றே இருக்கிறது, பிரதேச செயலகத்தில் அதற்கான உத்தியோகத்தர் இருப்பார். கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் 1987இலும் 1990இலும் வந்த சட்டங்களின் கீழ் தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் உண்டு. தச்சு, வயரிங், சமையல் என்று கைப்பழக்கத்தில் கற்றவர்கள், வகுப்புக்குப் போகாமலே முன் அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம், வெளிநாட்டுக்கு முயற்சிக்கிறவருக்கு அது கைகொடுக்கும்.

சரி, முதலில் எந்த ஒபிசுக்குப் போவது, என்ன கொண்டுபோவது?

தொழில் அலுவலகத்துக்கு முதலில். ஏனென்றால் அங்கேதான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அடையாள அட்டை, நியமனக் கடிதம் இருந்தால் அது, சம்பளத் துண்டுகள் அல்லது வங்கிப் புத்தகம், ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கம், நிறுத்திய கடிதம் அல்லது செய்தி, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி. தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம், நீங்கள் தமிழில் கொடுத்ததற்குத் தமிழில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம். ஈ.டி.எஃப். விண்ணப்பத்தில் பழைய முதலாளி உறுதிப்படுத்த வேண்டிய பகுதி இருக்கும், அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதேச செயலகத்தில் அஸ்வெசும விண்ணப்பமோ மேன்முறையீடோ எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள், அது வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை.